கூப்பிய கையும் கோமாளி முகமும்

"தப்பு பண்ணாதவன் எதுக்கு சார் தினமும் காலையில எட்டு மணிக்குப் போன்ல கோமாளி மூஞ்சி பொம்மை அனுப்பறான்?" என்றார் மேனேஜர். "அதுவும் காலு போய் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனுக்கு! ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. பதினோரு நாள்!"

'சார்' என்று அவர் சொன்னது என்னை. துப்பறிகிறவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடம். காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே சொந்தமாக போர்டு மாட்டியவர். நான் அவருக்கு உதவியாளன். பையைத் தூக்குவேன், ஆட்டோ பிடிப்பேன், மீதி நேரமெல்லாம் பேசுவேன். அதனால் மேடம் எனக்கு வைத்த பெயர் வாயாடி. மீசை வைத்தவன்தான் துப்பறிவாளன் என்று ஊரே நினைக்கிறது. அதில் எங்கள் இருவருக்குமே வருத்தமில்லை. எதிராளி என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடம் அறையைப் பார்த்து முடித்துவிடுவார்.

"கேட்டா என்ன சொல்றார்?" என்றேன்.

"அவருக்கு நான் நண்பன்ங்கறான். எவ்வளவு நக்கல் பாருங்க!"

விஷயம் இதுதான். பதினாலு மாடி அலுவலகக் கட்டடம், மூன்று லிஃப்ட். தரைத்தளத்தில் லிஃப்டுகளுக்கான கட்டுப்பாட்டு அறை. அங்கே எட்டு வருடமாக வேலை பார்க்கிற ஆபரேட்டர், ஆட்டிசம் உள்ளவர், வயது முப்பத்துநாலு. பதினோரு நாளுக்கு முன்னால் மெக்கானிக் இரண்டாம் நம்பர் லிஃப்டின் அடிக்குழியில் இறங்கி சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார். பதினொன்றரைக்கு அவர் போன் மெசேஜில், "முடிந்ததா? கரண்ட் போடவா?" என்று கேட்டார். பதிலாக வந்தது கூப்பிய இரண்டு கைகள் போட்ட எமோஜி பொம்மை. ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் இறங்கியது. மெக்கானிக்கின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

"கையெடுத்துக் கும்பிட்டிருக்கான். இரு, போட்டுடாதேன்னு கெஞ்சியிருக்கான். அதைப் பார்த்துட்டே போட்டிருக்கான் இவன்! ஏன்டா போட்டேன்னு கேட்டா, 'கூப்பிய கைன்னா சீக்கிரம்'ங்கறான். உலகத்துல எவனாவது அப்படிச் சொல்வானா?"

"இதுல பகை எங்கேர்ந்து வந்தது?" மேடம் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மெக்கானிக் கொஞ்சம் கிண்டல் பேர்வழி. குரூப்ல இவனை ஓட்டுவான். அதை மனசுல வெச்சிருந்து பழி தீர்த்துட்டான்னுதான் எல்லாரும் பேசிக்கறாங்க. நாலு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி விசாரணை. வேணும்னே செஞ்சதுன்னு அவர் எழுதிட்டா ஃபைல் போலீசுக்குப் போயிடும்."

"ஒருத்தர் குழிக்குள்ள இருக்கும்போது போன்ல பொம்மை அனுப்பித்தான் பேசிக்குவாங்களா? வாக்கிடாக்கி கிடையாதா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்."

"எப்போ போச்சு?"

"மூணு வருஷம் இருக்கும்."

"சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு சாவியை மெக்கானிக் பையில வெச்சுக்கணுமே. பூட்டு?"

மேனேஜர் மேசை மேல் இருந்த காகிதங்களை நேராக்கினார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"கையெல்லாம் கிரீஸ் ஆயிடும் மேடம், டைப் அடிக்க முடியாது. அதனால அவங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. மெக்கானிக் உள்ளே போகும்போது மூடின முஷ்டி, வெளியே வந்தா கட்டை விரல். வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடிட்டிருந்தது."

கிளம்பும்போது குரூப் உரையாடலை அச்செடுத்த காகிதக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். குரூப்பில் முப்பத்திரண்டு பேர். ஆட்டோவில் உட்கார்ந்து அதைப் புரட்டினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், விழுந்து விழுந்து சிரித்தேன். யாரோ ஒரு ஜோக் போட்டு, கண்ணீர் வரச் சிரிக்கிற முகம் போடுகிறார். அதற்கு நம் ஆபரேட்டர், 'ஆழ்ந்த அனுதாபங்கள். தைரியமாக இருங்கள்' என்று பதில் எழுதுகிறார். மேனேஜர் தினமும் காலை வணக்கத்தோடு கூப்பிய கை போடுகிறார். 'இதோ வருகிறேன்' என்று ஆபரேட்டர் எழுதுகிறார். ஒருநாள் மாடிப்படியில் அவர் மூச்சிரைக்க ஓடிவந்ததைப் பற்றி ரிசப்ஷன்காரர் கீழே வர்ணனையே எழுதியிருக்கிறார். மேனேஜரின் தாயார் காலமானார், நான்கு அழுகிற முகங்கள். அதற்குக் கீழே ஆபரேட்டர்: 'மனமார்ந்த வாழ்த்துகள்!'

"பாருங்க மேடம், செத்த வீட்டுக்கு வாழ்த்து!" என்று காகிதத்தை நீட்டினேன்.

மேடம் படித்தார். சிரிக்கவில்லை.

"இதுல எத்தனை பேர் சிரிச்சிருக்காங்க?"

"ரிசப்ஷன்தான் முதலிடம். மெக்கானிக் அதிகமா எழுதலை, சிரிக்கிற முகத்தோட சரி."

"திருத்தினவங்க?"

தேடினேன். எட்டு மாத உரையாடல். ஒருவரும் இல்லை.

எங்களை அமர்த்தியவர் ஆபரேட்டரின் அக்கா. பல் மருத்துவர் ஒருவரிடம் நர்ஸாக இருக்கிறார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஆபரேட்டர் காதுகளை மூடும் பெரிய ஹெட்போன் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "கூப்பிய கைன்னா சீக்கிரம்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"அதைச் சொன்னா இதையும் சொன்ன மாதிரி ஆயிடும்."

இந்த இடத்தில் பெரிய வக்கீலே வந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அக்கா எங்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அலமாரித் தட்டில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இதை உங்ககிட்ட காட்டலாமா வேணாமான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவனுக்கு இந்தப் பொம்மையெல்லாம் புரியாது மேடம். ஒரே மூஞ்சியை ஒருத்தர் அன்பா அனுப்புவாங்க, இன்னொருத்தர் குத்திக்காட்ட அனுப்புவாங்க. அவனுக்கு எப்படித் தெரியும்? அதனால நானே எழுதிக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்தது. விபத்து நடந்த அன்னிக்குக் கிழிச்சு எடுத்துட்டேன்."

ஆறாவது வரியில் கூப்பிய கை இருந்தது. 'நன்றி, வணக்கம் அல்லது தயவுசெய்து. எதுவென்று தெரியாவிட்டால் போன் போட்டுக் கேள்.'

சரியான அர்த்தம் அவருக்கு வீட்டிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தாள் மேனேஜர் கையில் கிடைத்தால் நாலு மணி விசாரணை நாலு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"மேடம், வந்த வழியே போயிடலாமா?" என்று கிசுகிசுத்தேன்.

மேடம் தாளைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு குடைகள் மாட்டியிருந்தன. ஒன்றில் 'வீடு', மற்றதில் 'அலுவலகம்' என்று சீட்டு. இரண்டு ஜோடி செருப்பு, அதே இரண்டு சீட்டு. தண்ணீர் பாட்டில் இரண்டு. போன் சார்ஜரைக்கூட விடவில்லை.

அவர் ஆபரேட்டரிடம் போய்ப் பக்கத்து நாற்காலியில், அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"அக்கா எழுதின பட்டியல் எங்கேயிருக்கிறவங்களுக்கு?"

"வீட்டுக்கு. அக்கா, அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க."

"அலுவலகப் பட்டியல் எங்கே இருக்கு?"

"சாவிப் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம்," என்றார் அவர் உடனே.

அக்கா கையிலிருந்த தாள் நழுவியது. "அப்படி ஒண்ணு இருக்கா? ஏன்டா இதை யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலை. யார் சொன்னதுன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. எங்கே இருக்குன்னு இவங்கதான் கேட்டாங்க."

வாசலில் அக்கா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதினது யாருன்னு உங்களுக்குத் தோணுதா மேடம்?"

"இன்னும் இல்லை."

"யாராயிருந்தாலும் சரி, கண்டுபிடிங்க. அவன் ஜெயிலுக்குப் போனா உயிரோட திரும்ப மாட்டான். சத்தமே தாங்க மாட்டான் மேடம்."

ஒரு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தோம். மேனேஜர் வேண்டா வெறுப்பாகக் கூடவே வந்து நின்றார். சுவரில் இரும்புச் சாவிப் பெட்டி. கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு தடித்த அட்டை, நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. இருபத்துநாலு பொம்மைகள், பேனாவால் வரைந்து கலர் பென்சிலால் தீட்டியவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அர்த்தம். யாரோ ஒரு முழு மத்தியானத்தைச் செலவழித்திருக்கிறார்கள்.

கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்: துக்கம், ஆறுதல் சொல். அழும் முகம்: நல்ல செய்தி, வாழ்த்து சொல். கூப்பிய கை: சீக்கிரம், உடனே செய். கேக்: உடம்பு சரியில்லை. கைதட்டல்: வாயை மூடு. கோமாளி முகம்: நண்பன்.

அதற்கு மேல் எனக்குப் படிக்கத் தெம்பில்லை. காலையில் ஆட்டோவில் நான் சிரித்த சிரிப்பு என் காதிலேயே கேட்டது.

மேனேஜர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் விரல் இரண்டாவது வரியில் நின்றது. "எங்கம்மா போனப்போ…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். "மூணு மாசமா அவன்கூட நான் முகம் கொடுத்துப் பேசலை," என்றார். மறு நிமிடமே மேனேஜர் உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது. "ஆனா இதை யார் வேணா எழுதியிருக்கலாமே. அவனேகூட எழுதி ஒட்டியிருக்கலாம். கேஸ் வந்ததும்."

"விபத்து நடந்த மத்தியானத்திலேர்ந்து இந்த அறைக்கு அவரை விட்டீங்களா?"

"இல்லை. அன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணி வெளியே அனுப்பிட்டோம்."

"அப்போ அந்தக் கதையை விட்டுடுங்க."

"மேடம், இது ரிசப்ஷன் வேலை," என்றேன். "குரூப்ல அதிகமா சிரிச்சது அந்த ஆள்தான். வர்ணனையெல்லாம் எழுதியிருக்கான். கூட்டிட்டு வரவா?"

"சிரிச்சவன் எல்லாம் எழுதினவன் ஆயிடுவானா? நீயும்தான் சிரிச்ச."

எனக்குச் சுருக்கென்றது. மேடம் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்து, பேனா மூடியால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனார்.

"இருபத்துநாலு. இதுல எத்தனை பொய்?"

எண்ணினேன். "இருபத்திரண்டு."

"மீதி ரெண்டு?"

"மூடின முஷ்டி, நிறுத்து. கட்டை விரல், போடலாம். ரெண்டும் சரி. இதென்ன, எழுதிட்டு வரும்போது திடீர்னு மனசாட்சி உறுத்திடுச்சா?"

"ஒருத்தன் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து இருபத்திரண்டு பொய் எழுதறான். யார் எக்கேடு கெட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. செத்த வீட்டுல வாழ்த்து சொன்னாலும் சரி, மாடிப்படி ஏறி மூச்சு முட்டினாலும் சரி. ஆனா இந்த ரெண்டுல மட்டும் விளையாடலை. விளையாட பயம். இந்த ரெண்டு தப்பாப் போனா யாரோட உயிர் போகும்?"

மேனேஜர் சுவரில் சாய்ந்தார். எனக்கு ஒரு விநாடி தாமதமாகத்தான் உறைத்தது.

"குழிக்குள்ள இறங்கறவர்," என்றேன்.

"இந்தக் கட்டடத்துல குழிக்குள்ள இறங்கறது ஒரே ஒரு ஆள்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மேடம் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். ஆட்டோச் சத்தத்தில் அந்தப் பக்கத்து அழுகை எனக்கே கேட்டது.

"அவனுக்கு இருக்கிற ஒரே சிநேகிதன் அவர்தான் மேடம். வீட்டுக்கு வந்தா அவரைப் பத்தித்தான் பேசுவான். அவர் டீ வாங்கிக் கொடுத்தாரு, அவர் எனக்கு எழுதிக் கொடுத்தாருன்னு… எழுதிக் கொடுத்தாருன்னு சொன்னப்போ நான் என்னன்னே கேக்கலை. இதை அவனுக்குத் தெரியாம முடிச்சுட முடியாதா?"

"விசாரணையில அவர் முன்னாலதான் படிப்பாங்க அம்மா. அவர் வெளியே இருக்கணும்னா இது தெரிஞ்சுதான் ஆகணும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது."

மேடம் போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தார். நான் எதுவும் பேசவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததிலிருந்து, என் மௌனம் அவருக்குப் புதிதாக இருந்தது தெரிந்தது.

வார்டு வாசலில் மெக்கானிக்கின் மனைவி எங்களை மறித்தார். மேனேஜருக்குக் கோமாளி முகங்களைக் காட்டியவர் அவர்தான். இன்னும் கையில் அந்தப் போன்.

"அவனுக்காகப் பேச வந்திருக்கீங்களா? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்தீங்க? இன்னிக்குக் காலையிலயும் எட்டு மணிக்கு அனுப்பியிருக்கான். பாருங்க! நடக்க முடியாதவரைப் பார்த்துக் கோமாளிங்கறான்!"

மேடம் அட்டையை அவர் கையில் கொடுத்தார். "இதைக் கொஞ்சம் படிங்க."

அந்த அம்மா கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தார். பாதியில் வேகம் குறைந்தது. கடைசி வரிக்கு வந்தபோது கையிலிருந்த போனையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எங்க பொண்ணோட கலர் பென்சில்," என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து வரைஞ்சாரு. ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதெல்லாம் புரியலை, பாவம், உதவி பண்றேன்னு சொன்னாரு. எனக்குப் பெருமையா இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்."

எங்களுக்கு முன்னால் அவரே உள்ளே போனார். அட்டையைப் படுக்கையின் மேல், கால் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

மெக்கானிக் அதைப் பார்த்தார். மறுக்கவெல்லாம் இல்லை. மறுக்கிற வலு அந்த உடம்பில் இல்லை.

"சும்மா விளையாட்டுக்கு மேடம். அவன் கேட்டான், எழுதிக் கொடுத்தேன். முதல் வாரமே எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க. அவனும் சந்தோஷமாத்தான் இருந்தான். இப்படி ஆகும்னு யார் கண்டா?"

"கூப்பிய கைக்கு என்ன எழுதினீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இல்லையா?"

"எட்டு மாசம் ஆச்சே. குழிக்குள்ள கையெல்லாம் கிரீஸ். அவன் கேட்டதும் மேல முதல்ல இருந்த பொம்மையைத் தட்டிட்டேன். கொஞ்சம் பொறுன்னு சொல்லத்தான். தினம் காலையில மேனேஜருக்குத் தனியா அதைத்தான் போடுவேன், அதான் முதல்ல நிக்கும்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "லிஃப்ட் இறங்குற சத்தம் கேட்டப்போதான் ஞாபகம் வந்தது."

"அப்போ பதினோரு நாளா உங்களுக்குத் தெரியும்."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சும் அவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போகட்டும்னு விட்டீங்க," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து பார்த்தார். எனக்குக் கவலையில்லை. "அவர் உங்க பேரைச் சொல்லலை. உங்களுக்குக் கொடுத்த வாக்குன்னு வாயைத் திறக்கலை. அது தெரியுமா உங்களுக்கு?"

"நான்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன். மாட்டிக்குவேன்னு," என்றார் சுவரைப் பார்த்தே. "சொல்லலாம்னுதான் தினமும் நினைச்சேன் சார். சொன்னா, என் காலை நானே வெட்டிக்கிட்டேன்னு ஆயிடுமே. எனக்கு வேற என்ன மிச்சமிருக்கு? ஐயோ பாவம்னு நாலு பேர் வந்து பார்க்கறாங்க. அதுவும் போயிடும்."

ஒரு கணம் எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

மேடம் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார். மருந்துச் சீட்டு வைத்திருந்த அட்டையையும் பேனாவையும் எடுத்துக் கணவன் மடியில் வைத்தார்.

"எழுதுங்க."

"நீயுமா?"

"எழுதுங்கன்னேன். இந்தப் பதினோரு நாளா அந்தப் பையனுக்கு என் வாயால நான் விட்ட சாபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டறது?"

அவர் எழுதினார். நிதானமான, அழகான கையெழுத்து.

நாலு மணிக்கு எட்டாவது மாடி கூட்ட அறை. பாதுகாப்பு அதிகாரி நடுவில், அவருக்கு வலப்பக்கம் மேனேஜர். ரிசப்ஷன்காரரும் இன்னும் இருவரும் சாட்சிக்காக வந்திருந்தார்கள். ஆபரேட்டர் அக்காவோடு மேசையின் கடைசியில் இருந்தார். ஹெட்போன் மடியில். சட்டைக் காலர் பொத்தான் வரை போட்டிருந்தார்.

அதிகாரி வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். விளையாட்டுக்காக, பொய்யான அர்த்தங்களை, அவரைக் கேலி செய்யும் நோக்கத்தில், என்று ஒவ்வொரு வார்த்தையாக. அக்கா தம்பியின் கையைப் பிடிக்கப் போய், அவருக்குத் தொட்டால் பிடிக்காது என்பது நினைவுக்கு வந்து, தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார். ஆபரேட்டர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அந்த முகத்தில் எதுவும் தெரியாது என்பதால் உள்ளே எதுவும் இல்லை என்று எவ்வளவு சுலபமாக நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்!

"வேணும்னு செஞ்சதில்லைன்னு தெளிவா இருக்கு," என்றார் அதிகாரி. "ஃபைல் போலீசுக்குப் போகாது. வாக்கிடாக்கியும் பூட்டும் ஏன் இல்லைன்னு மேனேஜர் எனக்கு எழுத்துல பதில் கொடுக்கணும். ஆபரேட்டர் திங்கட்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரலாம்."

அக்கா உடைந்து அழுதுவிட்டார். நானும் மூக்கைச் சிந்தினேன், சளி என்று சொல்லிக்கொண்டு. மேனேஜர் எழுந்து வந்தார். பெரிய மனசோடு பேசுகிற குரல்.

"சரிப்பா, நடந்தது நடந்துபோச்சு. எதையும் மனசுல வெச்சுக்காதே. ஒருத்தன் செஞ்ச தப்பு இது. நாங்கள்லாம் உன் பக்கம்தான். திங்கட்கிழமை வந்துடு."

"வர மாட்டேன்," என்றார் ஆபரேட்டர்.

"ஏன்?"

அவர் மேனேஜரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். யோசித்து, வரிசைப்படுத்திக்கொண்டு பேசினார்.

"ஒருத்தர் இல்ல. அவர் தப்பா எழுதினார். நான் அதைப் பார்த்து எட்டு மாசம் குரூப்ல தப்பா பதில் போட்டேன். எனக்கு அது தப்புன்னு தெரியாது. எனக்கு இந்தப் பொம்மையெல்லாம் படிக்க வராது. உங்களுக்கெல்லாம் வரும். குரூப்ல முப்பத்திரண்டு பேர். என்னையும் அவரையும் கழிச்சா முப்பது. நான் உங்க அம்மா செத்ததுக்கு வாழ்த்துன்னு எழுதினப்போ அந்த முப்பது பேரும் படிச்சாங்க. எல்லாரும் படிச்சாதான் வர்ற நீல டிக் பக்கத்துல இருந்தது. நான் பார்த்தேன்."

ரிசப்ஷன்காரர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு விஷயம் புரியலை," என்றார் ஆபரேட்டர். "அது தப்புன்னு ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலை?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அது குத்திக்காட்டுகிற கேள்வி. கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போயிருப்பார்கள், எங்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் போகவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. யாராவது விளக்குவார்கள் என்று மேனேஜரின் பொத்தானையும், ரிசப்ஷன்காரரின் பொத்தானையும், கடைசியாக என் பொத்தானையும் பார்த்துக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றார்.

நாங்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.